கூரையில்லா நேசரி

“அழுதா என்ன செய்வாங்க? செல்லு!”

“வீட்ட அனுப்பிருவாங்க.”

“அப்ப அழுவியா?”

“இல்ல டீச்சர்.”

“இல்லண்டு செல்லிக்கிட்டே மூக்கை உறிஞ்சாத. துடை.”

டீச்சராக நின்றது றம்லா. மாணவி அவளுடைய நான்கு வயது மகள் அம்ஹா. மற்ற மாணவர்கள் ஒரு காதில்லாத ரப்பர் முயலும், ஒரு பேட்டுக்கோழியும். வகுப்பு நடந்தது வீட்டின் பின்பக்க அறையில். ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பி இரண்டு வருடம். அதோடு நின்றுவிட்டது. கூரை இல்லாதபடியால் வெயிலும் கச்சான் காற்றும் யாரிடமும் கேட்காமல் வகுப்புக்குள் வந்து போயின.

லீவு முடிந்து திங்கட்கிழமை நேசரி, சின்னப் பிள்ளைகளின் பள்ளி, திறக்கிறது. பதியப் போன அன்றே அங்குள்ள டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாசல் கேற்றடியில் நின்று கத்துகிற பிள்ளையை அப்படியே திருப்பி அனுப்புவார்களாம். பிறகு அடுத்த வருடம்தானாம்.

அம்ஹாவோ, உம்மா குளிக்கப் போனாலே கதவடியில் குந்திக்கொள்கிறவள். நிமிடத்துக்கு ஒருதரம் கதவைத் தட்டி, “இரிக்கீங்களா உம்மா?” என்று விசாரிப்பாள்.

“டொய்லட் வந்தா டீச்சர்ட்ட எப்பிடிக் கேக்கணும்?”

“டீச்சர், பீ வருது.”

“அல்லாஹ்வே! டொய்லட் போகணும் எண்டு கேக்கணும் மகள்.”

“ரெண்டும் ஒரே குழிக்குள்ளதானே புள்ள போகுது” என்றான் பளீல். அவள் புருஷன். விடிய முன்பிருந்து கரைவலை இழுத்துவிட்டு வந்து, இடுப்பில் உப்புக் காயாத சாரத்தோடு சுவரில் சாய்ந்திருந்தான்.

“இஞ்சாருங்க, பகிடி விடாம வாங்க. அடுத்தது உங்கட பாடம்.” றம்லா சீப்பை நீட்டினாள்.

“எனக்கு என்னத்துக்கு இது?”

“ஏழரைக்கு நேசரியில நிக்கணும். நான் அடுப்படியில நிண்டா ஆரு தலை கட்டிவிடுற?”

பளீல் மகளை முழங்காலுக்கிடையில் இருத்தி, கயிறு முறுக்குகிற கையால் மயிரை மூன்றாகப் பிரித்து, கால் ஊன்றி இழுத்தான்.

“வாப்பா! கண்ணை மூட ஏலா!”

வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பக்கத்து வளவு சுபைறா கழுத்தை நீட்டினாள். “பளீல், அது தலைமயிரா வலைக்கயிறா? அந்தப் பின்னலைப் புடிச்சுத் தோணியே கரைக்கு இழுக்கலாம் போல.”

“நீங்க ஏறி இருங்க, இழுத்துக் காட்டுறன்” என்றான் பளீல். “தோணி வரும். நீங்க ஏறினா வருமோ தெரியா.”

சுபைறா கோபிக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவளுக்குக் கோபிக்க நேரமில்லை. மத்தியானம் அதே வேலியடியில் திரும்பவும் நின்றாள். றம்லா மகளுக்கு முன்னால் சோறும் சூடை மீனும் வைத்திருந்தாள்.

“முள்ளை நீயே பாத்துப் பாத்து எடுத்துத் தின்னு. நான் ஊட்ட மாட்டன்.”

“ஓம் டீச்சர்.”

“ராவைக்கும் தனியத்தான் படுக்கணும். என்ட சட்டைக்கையைப் புடிச்சிட்டுப் படுக்கிற பழக்கம் இனி இல்ல. சரியா?”

“ஓம் டீச்சர்.”

சுபைறாவுக்குப் பொறுக்கவில்லை. “என்ன றம்லா இது? நேசரி மூணு மணித்தியாலம். அதுக்குள்ள மீனும் சோறும் குடுத்துப் படுக்கவும் வைக்கிறாங்களா? அப்பிடியெண்டா என்ட பேரையும் பதியச் செல்லு.”

“ஒழுங்கு பழகணும்தானே லாத்தா” என்றாள் றம்லா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பேட்டுக்கோழி எழும்பி, ஒரு மீன் தலையைக் கவ்விக்கொண்டு சுவரேறிப் போனது.

“டீச்சர், அவ கேக்காமப் போறா!” என்றாள் அம்ஹா.

திங்கட்கிழமை விடிந்தது. பளீல் கட்டிய பின்னல் ஒன்று காதடியிலும் மற்றது பிடரியிலும் நின்றது. றம்லா அதை அவிழ்த்துத் திருத்தவில்லை.

கேற்றடி சந்தையாகக் கிடந்தது. ஒரு பொடியன் தகப்பனின் சாரத்தில் தொங்க, அந்த மனிசன் பிள்ளையை விட்டுவிட்டுச் சாரத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார். அம்ஹாவின் கீழுதடு ஒருதரம் நடுங்கியது. உம்மாவின் விரலை ஒவ்வொன்றாக விட்டாள்.

“போயிட்டு வாறன்.”

அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

“என்ட புள்ள பாஸ்!” என்று துள்ளினான் பளீல். பக்கத்தில் றம்லா இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள்.

பத்தரைக்கு மகளைத் தோளில் வைத்துக்கொண்டு பளீல் திரும்பியபோது, வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. கயிறு சுற்றிய பெரிய பேக் ஒன்றைச் சாரதி உள்ளே தள்ளினான். அதன்மேல் றம்லாவின் பெயரும், கீழே ‘ரியாத்’ என்றும் எழுதியிருந்தது. றம்லா கறுப்பு அபாயாவோடு, கையில் பாஸ்போட்டோடு நின்றாள். வேலியடியில் சுபைறா. இன்று அவள் கழுத்தை நீட்டவில்லை.

“கெதியா அனுப்புங்க நானா, கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு எட்டு மணித்தியாலம் ஓடணும்” என்ற சாரதி, அம்ஹாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “புள்ள கத்துமா?”

“கத்தாது” என்றான் பளீல். “பழக்கியிரிக்கு.”

றம்லா குந்தியிருந்து மகளைக் கட்டிக்கொண்டாள். “ரெண்டு வருஷம்தான் மகள். அந்த அறைக்குக் கூரை போட்டுட்டு…”

அம்ஹா அழவில்லை. உம்மாவின் காதுக்குள் வாயை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்:

“உம்மா, நீங்க அங்க போனவுடன கேற்றடியில நிண்டு நல்லாக் கத்தி அழுங்க. வீட்ட அனுப்பிருவாங்க.”