மேசைக்கு ஏற்ற கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் கடையின் வெள்ளை வெளிச்சத்தில், ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர் டெஸ்க்டாப் பெட்டியைச் சாண் போட்டு அளக்கிறார். "ரெண்டரைச் சாண். நம்ம கடை மேசைக்குக் கச்சிதம்." மனைவி லேப்டாப்பை விட்டுக் கையை எடுக்கவில்லை. "இதுன்னா தூக்கிட்டுப் போயிடலாங்க." "எங்கடி போகப்போறோம்? இருபது வருஷக் கடை!" அவள் அவர் விரல்களையே பார்க்கிறாள். சாலையை அகலமாக்க இடிக்கப்போகும் கட்டடங்களில் நேற்றுதான் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போனார்கள். தங்கள் கடைச் சுவரில் இருந்ததை, விடிந்ததும் விடியாததுமாக இவர் பெயின்ட் தின்னர் ஊற்றித் தேய்த்தார். குறி அப்படியே இருக்கிறது. கொஞ்சம் சிவப்பு அவர் நகக்கண்ணிலும் ஏறியிருக்கிறது. "உங்க கடையிலேயே வெச்சுக்கிறதுக்கா சார், கொண்டுபோறதுக்கா?" விற்பனைப் பெண் கேட்கிறாள். பெட்டிமேல் விரித்த கையை அவர் மெல்ல மடக்கி, நகங்களை உள்ளங்கைக்குள் ஒளிக்கிறார்.