போகிக்குத் தப்பிய துணிகள்

"வாங்க சார். முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டருதானே? உள்ள வந்து உக்காருங்க" என்றாள் வெள்ளையம்மாள்.

கோதண்டபாணி ஒரு நொடி தயங்கினார். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே நுழைந்தார்.

தெருவுக்குப் பின்னால் கரும்புகை கக்கிக்கொண்டிருந்த, வேர்க்கடலை எண்ணெய் ஆட்டும் மல்லாட்டை மில் அவருடையதுதான். குடியிருப்பது திண்டிவனத்தில். எப்போதாவது ரயிலேறி விழுப்புரம் வந்துபோகிற தன்னை இங்கே யாருக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு. மில் புகையை எதிர்த்துத் தெருவே சேர்ந்து மனுக் கொடுத்திருப்பதாக மானேஜர் பாண்டுரங்கன் சொன்னதும், தூண்டிவிடுவது யார் என்று மோப்பம் பிடிக்க வந்திருந்தார். வலிய வந்த இன்ஸ்பெக்டர் வேஷத்தை வேண்டாமென்பானேன்?

"இப்படிச் சன்னலோரமா உக்காருங்க சார், காத்து வரும்."

காற்று வந்தது. கூடவே கரியும் வந்தது. சலவை ஜிப்பாவில் விழுந்த கரித்தூளை அவர் தட்டிவிட்டார். தட்டத் தட்டக் கறை பரவியது.

"நிலக்கரி எரிச்சா புகை வரத்தாம்மா செய்யும். ரயிலு விடாத புகையா? மில்லு வந்த நாளா இப்படித்தானே இருக்குது?"

"இல்லீங்க. வருசத்துக்கு வருசம் ஏறிக்கினே போவுது. காட்டறேன் பாருங்க."

தகரப் பெட்டியைத் திறந்து சில மல் துணிகளை எடுத்து வந்தாள்.

"மில்லு தொறந்ததிலேருந்து பொங்கலுக்குப் பொங்கல் சன்னலுக்குப் புதுத் துணி கட்டறேன். போகிக்குப் பழசையெல்லாம் கொளுத்துவாங்க. இதை மட்டும் நான் கொளுத்தலீங்க, தோய்க்கவுமில்ல."

ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தாள். முதல் வருஷத்துத் துணி லேசாக மங்கியிருந்தது. அடுத்தது சாம்பல் நிறம். அதற்கடுத்தது இரண்டாவது பாய்லர் வைத்த வருஷம், பிறகு ராத்திரி ஷிப்டு தொடங்கிய வருஷம். அவள் சொல்லாமலே கோதண்டபாணிக்கு எல்லாம் விளங்கியது. லாபம் ஏற ஏறத் துணி கறுத்திருந்தது. கடைசித் துணி அடுப்பங்கரைப் பிடிதுணிபோல இருந்தது.

உள்ளே ஒரு குழந்தை இருமத் தொடங்கியது. நிற்கிற வழியாக இல்லை.

"எம் பொண்ணு அம்சா. மில்லு தொறந்த வருசம் பொறந்தவ. பொழுதுக்கும் இருமிக்கினே இருக்குது. பெரிய பேஜாரா இருக்குதுங்க."

இருமிக்கொண்டே வந்த குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தது. "இவருதான் புகையை நிறுத்த வந்தவரா?"

"ஆமா கண்ணு."

கோதண்டபாணி குழந்தையைப் பார்க்காமல், விரித்துக் கிடந்த துணிகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மில்லு மொதலாளிகிட்ட எடுத்துச் சொல்லுங்க சார்" என்றாள் வெள்ளையம்மாள். "அவருக்கும் புள்ளகுட்டி இருக்கும். இந்தப் புகையில ஒரு நாழி குந்திப் பாத்திருந்தா இப்படி உட்டிருக்க மாட்டாரு."

"கரண்டு மோட்டார் வச்சா புகையே வராதும்மா. செலவாகுதேன்னு நான்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் கேட்டப்போ சொன்னாரு. தள்ளிப் போட்டுக்கினு இருக்காராம்."

"அப்ப வைக்க மாட்டாரா?"

"வைப்பாரு. தை பொறக்கறதுக்குள்ள மோட்டார் வந்துடும். இது சத்தியம்."

வெள்ளையம்மாளின் கண் கலங்கியது. பெட்டியின் அடியிலிருந்து ஒரு புதுத் துணியை எடுத்தாள். "வர்ற பொங்கலுக்கு வாங்கி வச்சதுங்க. நீங்களே வந்து உங்க கையால கட்டணும்."

"அவசியம் வர்றேம்மா."

வாசலில் செருப்பை மாட்டும்போது, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. துணிவு வரவில்லை. தலையைக் குனிந்தபடி படியிறங்கினார்.

"பாத்துப் போங்க மொதலாளி" என்றாள் வெள்ளையம்மாள், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. "இன்ஸ்பெக்டரு நேத்தே வந்துட்டுப் போயிட்டாருங்க. மில்லு தொறந்த அன்னைக்கே உங்களைப் பாத்திருக்கேன். உங்களைத்தான் ஒரு தடவையாவது அந்தச் சன்னலோரம் உக்கார வைக்கணும்னு இருந்தேன்."