இன்னும் ஒரு வருடம்

"இன்சூரன்ஸை ரத்து பண்ணிட்டாங்கன்னா உன் சர்க்கரை வியாதியும் ரத்தாம்மா?" என்று, கம்பெனியின் ரத்துக் கடிதம் வந்த அன்று மகள் கேட்டது லொரெட்டாவுக்கு இன்னும் மறக்கவில்லை. ஒஹையோவில், அவளுடைய முடிதிருத்தும் கடையின் கண்ணாடிகளில் நவம்பர் வெயில் நிலைகொள்ளாமல் ஆடுகிறது. ரத்தான இன்சூரன்ஸ் திட்டங்களை ஒரு வருடம் நீட்டிக்க மாநிலம் அனுமதித்துவிட்டதாக ரேடியோ சொல்கிறது. "மாநிலம் தலையாட்டினா போதுமா? கம்பெனிக்காரன் மனசு வைக்கணுமேடி," என்கிறாள், முடி உலர்த்தும் இயந்திரத்தின் அடியில் உட்கார்ந்து அதன் இரைச்சலை மீறி, பழைய வாடிக்கைக்காரி வெர்னா. "நீ ஒரு வார்த்தை பேசு அக்கா, பயந்தே மனசு வச்சிடுவான்," என்கிறாள் லொரெட்டா. கம்பெனியை அழைத்த தொலைபேசியில் காத்திருப்பு இசை ஓடிக்கொண்டே இருக்கிறது. லொரெட்டாவின் விரல்கள் மேசையைத் தட்டுகின்றன. வெர்னா ஜெபத்தை முணுமுணுத்தபடியே கண்ணயர்கிறாள். போன மாதம் லொரெட்டாவுக்கு மருந்து தீர்ந்தபோது தன் இன்சுலின் குப்பி ஒன்றைத் தந்தவள் அவள்தான். லொரெட்டா ஃபிரிட்ஜைத் திறக்கிறாள். இரண்டே குப்பிகள் இருக்கின்றன. ஒன்றைக் குளிர்ந்த துண்டில் சுற்றி, வெர்னாவின் பைக்குள் ஓசையில்லாமல் வைக்கிறாள். இசை இன்னும் நிற்கவில்லை.