ரத்த வகை: ஓர் எழுத்து

"பேரைக் கேக்குற, சரி. நீளம் எதுக்கு தம்பி உனக்கு?" என்றார் பாங் அம்மா.

ரத்த வகையை வைத்துக் குணத்தைக் கணிக்கும் தென்கொரியாவில், தேகு நகரத்தில் இருபது வருடமாகக் கல்யாணத் தகவல் நிலையம் நடத்துபவர். பழைய கணினியில் இருக்கும் விவரங்களைப் புதியதற்கு மாற்ற, கணினி வேலை செய்யும் கிசோக்கை வரவழைத்திருந்தார். பழைய புரோகிராமை எழுதியவன் ஒரு வரிக் குறிப்புகூட வைக்காமல் போய்விட்டிருந்தான்.

கிசோக் கண்ணைக் கசக்கிக்கொண்டான். மூன்று நாளாக இதே வேலை. பழைய விவர அட்டவணையில் ஒவ்வொரு பத்திக்கும் பெயர் என்ன, எண்ணா எழுத்தா, எத்தனை எழுத்து பிடிக்கும் என்று கேட்டுச் சொல்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான்.

"நீளம் தெரியாம மாத்தினா விவரம் வெட்டுப்பட்டுடும்மா. இதோ பாருங்க. பெயர், இருபது எழுத்து. ஊர், முப்பது. ரத்த வகை..." நிறுத்தினான். "ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"ஒரே எழுத்துதான் பிடிக்கும். ஏ, பி, ஓ மூணும் சரியாப் போகும். ஏபி போட்டா முதல் எழுத்து மட்டும் நிக்கும்."

பாங் அம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடப்பாவமே. ஏபிக்காரனுக்கு நிமிஷத்துக்கு ஒரு புத்தி, வேணவே வேணாம்னு எத்தனை பொண்ணுங்க சொல்லிருக்காங்க. நான் இந்தத் திரையைப் பார்த்துட்டு, பையன் ஏ வகை, ரொம்பப் பொறுமைசாலின்னு அடிச்சுச் சொல்லிருக்கேனே."

"பசங்க எழுதிக் கொடுத்த தாளைப் பார்க்கலையா?"

"அதெல்லாம் என் தங்கச்சி பார்த்தா. பையன்களை அவ கவனிப்பா, பொண்ணுங்களை நான்."

கிசோக் அந்தப் பத்தியின் நீளத்தை இரண்டு என்று குறித்துக்கொண்டான்.

"யோ மிரான்னு ஒருத்தி," என்றார் பாங் அம்மா திடீரென்று. "ஏபி இல்லைன்னு என்கிட்ட எழுதியே வாங்கிட்டுப் போனா. அவளுக்காவது உண்மையைச் சொல்லிடணும் தம்பி. இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது."

அவர் ஃபோனை எடுத்தார். கிசோக் அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசையில் வைத்தான்.

"வேணாம்மா. பதினாறு வருஷமா அவகிட்ட பொறுமைசாலியா நடிச்சு அலுத்துப் போயிருக்கேன், இப்ப போய்க் கெடுத்துடாதீங்க."