பன்றிக்கு வைத்த பெயர்

“எழுந்து போய்யா சோவர்லே, பசி உயிர் போகுது எனக்கு!”

கெஞ்சியவர் குலத்தலைவர் கஹால். அவர் வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த சோவர்லே அசையவில்லை. அந்தக் கால அயர்லாந்துச் சட்டம் அப்படி. நியாயம் கேட்டு ஒருவன் வாசலில் பட்டினி கிடந்தால், வழக்குத் தீரும்வரை வீட்டுக்காரரும் பச்சைத் தண்ணீரோடு சரி. மீறித் தின்றால் மானம் கப்பலேறிவிடும்.

“என் பேரைத் திருப்பிக் குடுங்க தலைவரே, போயிடறேன்.”

“பன்னிக்கு உன் பேரை வெச்சது ஒரு குத்தமா? தங்கமான பன்னிய்யா அது! கூப்பிட்டா உடனே திரும்பிப் பாக்கும். நீ என்னிக்காவது பாத்திருக்கியா?”

“சந்தையில என் பொண்டாட்டியைப் ‘பன்னியோட சம்சாரம்’னு கூப்பிடறாங்க. என்கிட்ட நிலம் இருக்கா, மாடு இருக்கா? இந்தப் பேர் ஒண்ணுதான் இருக்கு. அதையும் சேத்துல புரள விட்டுட்டீங்களே!”

உள்ளே தலைவரின் மனைவி ஊனா, வெண்ணெய் தடவிய ஓட்ஸ் ரொட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

“புலவர் ஃபிளானைக் கூப்பிட்டுத் தொலைங்க! யார் பேர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அந்த மனுஷனுக்குத்தானே தெரியும்?”

குலத்தின் பரம்பரைகளையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருக்கும் ஃபிளான் வந்தார். வழக்கைக் கேட்டார். ரொட்டியைப் பார்த்தார். தீர்ப்பாகாமல் தனக்கும் கிடைக்காது என்று புரிந்ததும், சட்டென்று கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார்.

“கோடையிலே கடல் தாண்டி, வடகடல் வடவர் கப்பலில் வந்த சோவர்லே! கோடைப் பயணி என்று வடவரே தம் மொழியில் வைத்த பேர்! செம்பட்டை முடி, மலைபோலக் கழுத்து! பெரும்பஞ்சத்தில் தன் உடலையே தந்து நம் குலம் காத்த சோவர்லே! அந்த நன்றிக்கு இவன் முப்பாட்டனுக்குச் சூட்டிய பேர்!”

சோவர்லே தேம்பித் தேம்பி அழுதான். தலைவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அப்பேர்ப்பட்ட பேரையா நான் பன்னிக்கு வெச்சேன்! மன்னிச்சுடுப்பா. பரிகாரமா, இன்னியிலேர்ந்து அந்தப் பன்னிக்கு என் பேர். கஹால்! புலவரே, நீங்கதான் சாட்சி.”

“சாட்சி. இனி யாராலும் மாத்த முடியாது. ரொட்டி எங்கே?”

மூவரும் காணாததைக் கண்டதுபோல் தின்றார்கள். வயிறு நிறைந்ததும் சோவர்லேக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“புலவரே, அந்த மகான் எப்படி உயிரை விட்டார்? போர்லயா?”

“எந்த மகான்?” ஃபிளான் மீசையிலிருந்த வெண்ணெயைத் துடைத்தார். “அது பன்னிப்பா. உப்புக்கண்டம் போட்டுக் குளிர்காலம் பூராவும் தின்னாங்க.”

“ஏ கஹால்! கழுநீர் வெச்சிருக்கேன், வந்து குடி!” என்று கொல்லையில் வேலைக்காரி கத்தினாள். பன்றிக்குப் புதுப்பெயர் இன்னும் பழகவில்லை; தலைவர்தான் திரும்பிப் பார்த்தார்.