ஒன்பது வரிகள்

நர்ஸின் தள்ளுவண்டித் திரையில் பச்சை எழுத்து.

ஒவ்வாமை: இல்லை.

அப்பாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. காலையிலிருந்து மகள் அவர் கட்டிலை விட்டு நகரவே இல்லை.

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினாள். பென்சிலின். அப்பாவுக்கு அது ஆகாது, நாக்கெல்லாம் வீங்கிவிடும் என்று மகள் பதறிச் சொன்னாள்.

"கம்ப்யூட்டர்லயே இல்லைன்னுதானம்மா வந்திருக்கு?"

வரத்தான் செய்யும். ஆஸ்பத்திரி மென்பொருளில் அந்த இடத்தை எழுதியவளே அவள்தானே.

போன மாதம் அதை எழுதும் கணினி மொழியின் புதுப் பதிப்பில் ஒரு குறி வந்தது. அடுத்தடுத்து இரண்டு கேள்விக்குறி. இந்தப் பக்கம் காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள். அதன் வேலை அவ்வளவுதான்.

அதுவரை அந்த இடத்தில் ஒன்பது வரிகள் இருந்தன. காலியாக இருந்தால் நில். சிவப்பில் காட்டு. நோயாளியிடம் கேட்டு நிரப்பும்வரை நகராதே. பார்க்கச் சகிக்காத ஒன்பது வரிகள்.

ஒரே வரியாக்கினாள். காலியா? 'இல்லை' என்று போட்டுக்கொள்.

புரோகிராம் என்றால் இப்படித் துடைத்து வைத்த மாதிரி இருக்கணும் என்று டீம் லீடர் ஜெயசீலன் எல்லோர் முன்னாலும் மெச்சினார். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கேட்காததும் இல்லாததும் ஒன்றா? பாவி, ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா.

நர்ஸ் பதிவைத் திருத்தினாள். வேறு மருந்து போட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் வராந்தாவுக்கு ஓடினாள். ஜெயசீலனுக்குப் போன் போட்டாள்.

நடந்ததைச் சொன்னாள். அவர், பழைய வரிகளை இப்போதே திரும்பப் போட்டாலும் சோதித்து ஏற்றுவதற்கு நாளை மதியம் ஆகிவிடும் என்றார். அதுவரை ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றார்.

அந்த மென்பொருள் ஓடும் நாற்பத்திரண்டு ஆஸ்பத்திரிகள்.

எத்தனை கட்டில்களோ. அவளுக்கு அழக்கூட வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. ஆபீசுக்குச் சொல்ல ஓடி வந்தவள், திரையை நம்பாதீர்கள் என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொல்லவில்லை.

திரும்பி ஓடினாள். தள்ளுவண்டி வார்டின் மறுகோடிக்குப் போயிருந்தது.

அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் ஒரு பெரியவர். புஜத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

உங்களுக்கு ஏதாவது மருந்து ஆகாதா ஐயா என்று கேட்டாள்.

அவர் யோசித்தார்.

யோசித்தபடியே கழுத்தைச் சொறிந்தார்.