கடைசி வரி

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

எதிரே நாற்காலியில் சின்ன மகள் இனியா. ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சுவரில் ஒளிரும் பலகையின் எழுத்துகளைக் கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடகடதான் உதைத்தது.

பரிசோதிக்கும் பெண்ணின் குச்சி இரண்டாம் வரியில் நிற்க, இவள் நான்காம் வரிக்குப் போய்விட்டாள்.

பெஞ்சில் மூத்தவள் மிருதுளா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அடிப்பாவி. பேருந்தில் வழிநெடுக இரண்டும் குசுகுசுத்தது இதற்குத்தானா?

மிருதுளாவுக்கும் இனியாவின் இதே ஐந்தரை வயதில்தான் நோய் தொடங்கியது. முதலில் கண். பிறகு மெல்ல மூளைக்குப் போகும் என்றார்கள். பெற்றவர்கள் இருவர் வழியாகவும் வருகிற நோய். சின்னவளையும் பார்த்துவிடுவோம், கண் நன்றாக இருந்தால் பாதி பயம் போச்சு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதல்முறை இதே நாற்காலியில் வாசித்த நான்கு வரிகளும் மிருதுளாவுக்கு இன்னும் மனப்பாடம். அதற்குப் பிறகு பார்வை மங்கி, பலகையே அவளுக்குத் தெரியவில்லை. இதைப் பரீட்சை என்று நினைத்துத் தங்கச்சியைப் பாஸாக்கப் பார்த்திருக்கிறாள், கண்ணு.

அம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இனி எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசி வரி. பொடி எழுத்து.

இனியா நிறுத்தினாள்.

அம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"அக்கா, இத நீ தப்பா சொல்லிக் குடுத்திருக்க. ட, ர, ப, க. இதான் இருக்கு."

குச்சி ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனது.

ட. ர. ப. க.

அடுத்த கண்ணிலும் அதே.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரிசோதிக்கும் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

கடைசி வரியை மிருதுளா ஒருநாளும் பார்த்ததில்லை. தங்கச்சிக்காகத் தானே ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறாள்.

மாட்டிக்கொண்ட வெட்கம் அவளுக்குத் துளியும் இல்லை. இங்கே வாடி என்று தங்கையைக் கூப்பிட்டு உள்ளங்கையை நீட்டினாள்.

இனியா நாற்காலியிலிருந்து குதித்து வந்தாள். அக்காவின் கையில் விரலால் எழுதினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் மிருதுளா கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

நான்காவது எழுத்து முடிந்ததும் கையை மூடிக்கொண்டாள்.

"இவ்ளோதானா?"